ஹீலியத்தில் சொன்னது

கிள்ளான்,
3 மார்ச் 2025

என் தம்பி சுகுமாறனுக்கு,

அக்கா லோகேஸ்வரி எழுதுவது. இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர், அதில் ஒருத்தி சுகம். கடலுக்கு அடியில் நீ எப்படி இருக்கிறாய்? நேரத்துக்குச் சாப்பாடு தருகிறார்களா?

போன வாரம் நீ கப்பலிலிருந்து கூப்பிட்டபோது நான் சிரித்தது தப்புதான். வேறு என்னடா செய்வேன்? ஆஸ்பத்திரி வாசலில் கிராப் வாடகைக் காருக்கு நின்றுகொண்டிருக்கிறேன். கார்ட்டூன் வாத்து மாதிரி ஒரு குரல் 'அக்கா, அக்கா' என்று கத்துகிறது. அந்த ஒரு சொல்தான் புரிந்தது. மற்றதெல்லாம் குவாக் குவாக். யாரோ விளையாடுகிறார்கள் என்று போனை வைக்கப் போனேன், நல்லவேளை கப்பலில் உன்னோடு வேலை பார்க்கிற சதீஷ்குமார் குறுக்கே வந்து, "அக்கா, உங்க தம்பிதான், வெக்காதீங்க" என்றார்.

அவர்தான் இந்த யோசனையும் சொன்னார். நான் வேலை பார்க்கிற கிளினிக்கிலிருந்து எழுதி அனுப்பினால் கப்பல் ஆபீசில் அச்செடுத்து, உனக்குச் சாப்பாடு போகிற சின்னக் கதவு வழியாக உள்ளே தள்ளிவிடுவாராம். நீ கையால் எழுதிக் கொடுத்தால் படம் பிடித்து எனக்கு அனுப்புவாராம். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள்? சரி, வாத்துக்கு இது மேல்.

அப்பாவுக்கு இது இரண்டாவது ஸ்ட்ரோக். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சு இல்லை. கண் மட்டும் ஆளைத் தேடுகிறது. போர்ட்கிள்ளானில் அவ்வளவு பெரிய கிரேனை ஓட்டியவரால் இப்போது ஸ்பூனைப் பிடிக்க முடியவில்லை. நீ எப்போது மேலே வருவாய்? 'அது டெக்னிக்கல் லா அக்கா' என்று மழுப்பாமல் எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

அன்புடன்,
லோகா அக்கா

*

கப்பலிலிருந்து,
8 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. இங்கே சாப்பாடு நிறைய, ருசிதான் கிடையாது. சம்பலை அள்ளிப் போட்டுக்கொண்டாலும் நாக்குக்குத் தெரிவதில்லை. அப்பாவுக்கு இடது கை அசைகிறதா?

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நாங்கள் ஆறு பேர் ஓர் இரும்பு உருளைக்குள் இருக்கிறோம். உருளை கப்பல் மேல்தட்டில்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கிற அழுத்தம் கடலடியில் இருக்கிற அதே அழுத்தம். அப்போதுதான் தினமும் கீழே இறங்கிக் குழாய் வேலை பார்க்க முடியும். ஜன்னலுக்கு வெளியே ஆள் நடந்து போவது தெரியும், ஆனால் கதவைத் திறந்து வெளியே போனால் செத்துப்போவோம். கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் குறைத்து வெளியே வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இன்றைக்கே வா என்றால் என்னால் முடியாது அக்கா.

அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் தலை கிறுகிறுக்கும். அதனால் ஹீலியம் கலந்து தருகிறார்கள். அது ரொம்ப லேசான வாயு, அதில் சத்தம் வேகமாக ஓடும். தொண்டை என் தொண்டைதான், ஆனால் வாயிலிருந்து வருவது வாத்துக் குரல். அதைச் சரிசெய்ய வெளியே ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். அது சத்தத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் இழுத்து நீட்டி, மனுஷக் குரலுக்குக் கொண்டுவரும். சதீஷ் காதில் மாட்டிக்கொண்டு திருகைத் திருப்பித் திருப்பிச் சரிபார்ப்பான். தூத்துக்குடிக்காரன், கெட்டிக்காரன்.

பெட்டியை நம்பி மட்டும் நாங்கள் பேசுவதில்லை. நான் 'வால்வை மூடு' என்றால் மேலே இருப்பவன் 'வால்வை மூடு' என்று அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஓகே' என்றால் கணக்கில்லை. திருப்பிச் சொல்கிறவரை ஒருத்தரும் எதையும் தொடமாட்டோம்.

வேறு விசேஷம் இல்லை. குளிர்கிறது.

தம்பி,
சுகு

*

கிள்ளான்,
13 மார்ச்

தம்பிக்கு,

அக்காவின் அன்பு. எனக்கு இடுப்பு வலி மட்டும், அதற்கு டாக்டர் வேண்டாம், தூக்கம் வேண்டும். நீ குளிர்கிறது என்று எழுதியிருந்தாய், கம்பளி கேட்டு வாங்கிக்கொள்.

அப்பாவுக்கு இடது கையும் அசைவது குறைந்துவிட்டது. நெஞ்சில் சளி. டாக்டர் வயசுப் பெண், என் தோளில் கை வைத்துப் பேசினாள். தோளில் கை வைத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

அதனால் ஒன்று கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன்.

நீ வருவதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் அப்பாவுக்கு நான் கொள்ளி வைக்க வேண்டும்.

நேற்றுச் சித்தப்பா பந்திங்கிலிருந்து பார்க்க வந்தார். அவரிடம் வாயை விட்டுக் கேட்டேன். "பொம்பளப் புள்ள சுடுகாட்டுக்கு வர்றதே நம்மள்ல பழக்கமில்ல, இதுல கொள்ளியா?" என்றார். நான் விடவில்லை. நாலு வருஷமாகக் குளிப்பாட்டி, பேம்பர்ஸ் மாற்றி, ஊட்டிவிட்டது யார் என்று கேட்டேன். ராஜனா? அவருடைய மகன் ராஜன் தீபாவளிக்குத் தீபாவளி வந்து முறுக்கு தின்றுவிட்டுப் போகிறவன். நல்ல பையன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன் ஏன்? சித்தப்பா கிளம்ப எழுந்தார். கடைசியில், "சரிம்மா, மவன் இருக்கான்ல. அவன் ஒரு வார்த்த சொன்னா நான் குறுக்க நிக்கல. அவன் சொல்லாம நான் ஒத்துக்கமாட்டேன்" என்றார்.

ஆகவே உன் ஒரு வார்த்தைதான் வேண்டும். அம்மா போனபோது நான் வாசல் கேட்டோடு நின்றேன், வண்டி திரும்புகிறவரை பார்த்தேன், அவ்வளவுதான். அப்பாவையும் அப்படி அனுப்ப என்னால் முடியாதுடா. மற்ற எதுவும் நான் உன்னிடம் கேட்டதில்லை.

பதில் எழுது.

லோகா அக்கா

*

கப்பலிலிருந்து,
19 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான். உன் இடுப்பு வலிக்கு அந்தப் பச்சைத் தைலத்தைத் தேய்க்கச் சொல்லி யாரிடமாவது கொடு.

இங்கே வேலை மும்முரம். பழைய குழாய் ஒன்றில் வளையம் துருப்பிடித்து இறுகிவிட்டது. மூன்று நாளாக அதோடு மல்லுக்கட்டுகிறோம். கடலில் இறங்கப் போடுகிற உடுப்புக்குள்ளே வெந்நீர் ஓடுகிறது, ஆனாலும் விரல் நுனி மரத்துப்போகிறது. கையில் ஸ்பேனர் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நேற்று ஒரு பெரிய கெருப்பு மீன் வந்து விளக்குக்குப் பக்கத்திலேயே நின்றது. அப்பா பார்த்தால் கறி வைக்கச் சொல்லியிருப்பார்.

நீ கேட்ட விஷயம். அதெல்லாம் இப்போது எதற்கு அக்கா? அப்பா திடமான ஆள். முதல் தடவையும் இப்படித்தான் கைவிரித்தார்கள், எழுந்து உட்காரவில்லையா? மாதக் கடைசியில் எங்களை மேலே எடுத்துவிடுவார்கள். நான் வந்ததும் நேரில் பேசிக்கொள்ளலாம்.

சதீஷ் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான்.

சுகு

*

கிள்ளான்,
27 மார்ச்

தம்பி சுகுமாறனுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நானும் அப்படியே.

அப்பா ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை போனார். கப்பலுக்குத் தகவல் சொன்னதும், மறுநாள் எடுப்பதற்கு முன்னால் நீ பேசியதும் உனக்குத் தெரிந்ததே. உன் குரலை எல்லாரும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். வாசலில் உறுமி மேளம் அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் நிறுத்தச் சொல்லியிருக்கலாம்.

நீ அழுதாய். அதைச் சொல்லாமல் விட முடியாது. நீ அழுவது அந்தக் காற்றில் சிரிப்பு மாதிரி வருகிறது. பின்வரிசையில் இருந்த பிள்ளைகள் களுக்கென்று சிரித்துவிட்டார்கள், அடுத்த தெரு ஆன்டி சேலையால் வாயைப் பொத்திக்கொண்டார். யாரும் மனசறிந்து சிரிக்கவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

பிறகு எல்லாம் நீ சொன்னபடியே நடந்தது. சித்தப்பா முன்னின்று செய்தார். ஒரு குறையும் இல்லை. உனக்குத் திருப்தியாக இருக்கும்.

நோன்பு மாதம், பாசார் ரமலான் சந்தை போட்டிருந்ததால் திரும்பும்போது ரோடு முழுக்க ஜாம் என்றார்கள். நான் வீட்டைக் கழுவிவிட்டேன். மறுநாளும் ஏனோ காலையில் அப்பாவுக்குக் கஞ்சி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் தெரிந்தது. நானே குடித்தேன். நாளையிலிருந்து வேலைக்குப் போகிறேன். பிரிக்பீல்ட்ஸ் பல் கிளினிக்கில் என் இடத்துக்கு வைத்த பெண் கவுண்டரில் எல்லாரையும் குழப்பிவிட்டாளாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

லோகேஸ்வரி

*

லாபுவான்,
31 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று வெளியே வந்தேன். இப்போது என் குரல் எனக்கே தடியாகக் கேட்கிறது. இன்று ஹரி ராயாப் பெருநாள், கடைகள் சாத்தியிருக்கின்றன. ஹோட்டலில் பிஸ்கட் இருக்கிறது. நீ சாப்பிட்டாயா?

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் சொன்னபடியே நடந்தது என்று எழுதியிருக்கிறாய். போதும் அக்கா. அந்த ஒன்றாவது ஒழுங்காக நடந்ததே. கொள்ளி வைக்கும்போது கை நடுங்கியதா? சித்தப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாரா? எதுவானாலும் நீ செய்தாய். அப்பாவுக்கும் அதுதான் பிடித்திருக்கும்.

கொள்ளி வைத்தவர்தான் கருமாதியும் செய்ய வேண்டும் என்பார்கள். அதனால் நான் வந்து ஆகப் போவது ஒன்றுமில்லை. அந்த வீட்டுக்குள் நுழைந்து அப்பாவின் நாற்காலியைப் பார்க்க எனக்குத் தெம்பும் இல்லை. போனைக்கூட இன்னும் திறக்கவில்லை, இதையும் சதீஷ்தான் படம் பிடித்து அனுப்புகிறான். உள்ளே போனால் ஐம்பது பேர் ஐம்பது விதமாக வருத்தம் சொல்லியிருப்பார்கள். எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை அக்கா. விரல் நுனியில் இருந்த மரப்பு உள்ளே ஏறிவிட்டது போலிருக்கிறது. அடுத்த வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன், அதுவரை இங்கேயே இருக்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதே. சாப்பிட்டாயா என்று எழுது.

சுகு

*

கிள்ளான்,
11 மே

தம்பிக்கு,

சுகமா? நான் இருக்கிறேன். ஒரு மாதத்துக்கு மேல் உனக்கு எழுதவில்லை, ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கை நடுங்கியதா என்று கேட்டிருந்தாய். என்ன நக்கல் பாரேன் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். கருமாதிக்கும் நீ வரவில்லை, சித்திரை வருஷப் பிறப்புக்கும் ஒரு வார்த்தை இல்லை. எனக்குத் தம்பி என்று ஒருத்தன் இல்லை என்றே வைத்துக்கொண்டேன். அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. வேலைக்குப் போனேன், கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே தூங்கினேன், வந்து படுத்தேன்.

நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். நக்கல் செய்கிறவன் சாப்பிட்டாயா என்று இரண்டு தடவை கேட்கமாட்டான்.

சுகு, கொள்ளி வைத்தது நான் இல்லை. ராஜன்.

நீ பேசி முடித்ததும் சித்தப்பா எல்லார் முன்னாலும், "மவனே சொல்லிட்டான், ராஜன் வெக்கட்டும்" என்றார். ராஜனை உட்கார வைத்து மொட்டை அடித்தார்கள். நான் வாசல் கேட்டோடு நின்றேன், வண்டி திரும்புகிறவரை பார்த்தேன். நீ என் கடிதத்துக்குப் பதில் சொல்லாமல் மீன் கதை எழுதியபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நாலு வருஷம் அவர் மலத்தை அள்ளினேன், தம்பி. கடைசியில் நெருப்பை எவனோ வைத்தான். அதையும் என் தம்பியே கொடுத்துவிட்டான் என்று இத்தனை நாள் இருந்தேன்.

நீ அன்றைக்கு என்ன சொன்னாய்? எழுத்தில் சொல்.

லோகா

*

லாபுவான்,
14 மே

அக்கா,

நலம் விசாரிக்க மனசில்லை. மன்னித்துக்கொள்.

நான் சொன்னது இதுதான். "கொள்ளி அக்கா வெக்கட்டும். அப்பாவப் பாத்துக்கிட்டது அவங்கதான். மகன் நான் சொல்றேன், யாரும் குறுக்க பேசாதீங்க." ஒரு முறை இல்லை, இரண்டு முறை சொன்னேன். அந்தப் பக்கம் மேளச் சத்தம். அதற்கு நடுவே 'சரி' என்று ஒரு குரல் வந்தது. யார் குரல் என்று தெரியவில்லை. சரி என்றார்களே, முடிந்தது என்று ஹெட்செட்டைக் கழற்றினேன்.

வேலையில் யாராவது வெறும் 'சரி' சொன்னால் நான் விடமாட்டேன். திருப்பிச் சொல்லு என்று கத்துவேன். அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. இழவு வீட்டில் இருப்பவர்களிடம், நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்று எப்படிக் கேட்பது?

பெட்டியைப் பற்றியும் விசாரித்தேன். அன்று சதீஷ் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தான். மேசையில் இருந்தவர் ஒரு பிலிப்பினோக்காரர், நல்ல மனுஷன். வேலைச் சொற்கள் என்றால் காதால் கேட்டே திருகைச் சரியான இடத்தில் நிறுத்திவிடுவார். தமிழ் அவருக்குத் தெரியாது. தெரியாத பாஷையில் எது தெளிவு, எது குழப்பம் என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ஆம்பளைக் குரல் மாதிரி கேட்டதும் நிறுத்திக்கொண்டாராம்.

எங்கள் பேச்சு எல்லாம் பதிவாகும். பெட்டிக்குள் போவதற்கு முன்னால் இருக்கிற வாத்துக் குரலும், உங்கள் பக்கத்துச் சத்தமும் தனித்தனியாக இருக்கிறதாம். சதீஷ் அதை மறுபடி பெட்டியில் ஓட்டி, தானே சரிசெய்து தருகிறேன் என்றான். கப்பல் மேலாளரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். வந்ததும் உனக்கு அனுப்பச் சொல்கிறேன். நான் கேட்கவில்லை, எனக்கு வேண்டாம்.

நீ மார்ச்சில் எழுதிக் கேட்டபோதே ஒரு வரி எழுதியிருந்தால் அந்தத் தாள் போதும். எழுதினால் அப்பா போவதற்கு நானும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று கை வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

சுகு

*

கிள்ளான்,
5 ஜூன்

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. நீ அடுத்த வேலைக்கு இன்னும் இறங்கவில்லை என்று சதீஷ் சொன்னார். சளி, இருமல் இல்லாமல் இரு.

உன் கடிதம் வந்த மறுநாளே பஸ் ஏறிப் பந்திங் போனேன். சித்தப்பா வீட்டு வாசலில் நின்று, தெருவே கேட்கக் கத்தினேன். எங்கப்பாவுக்குக் கொள்ளி வைக்கிற உரிமையை என் தம்பி எனக்குக் கொடுத்தான், நீங்கள் புளுகி உங்கள் மகனுக்கு வாங்கிக் கொடுத்தீர்கள் என்றேன். சித்தி தேத்தண்ணி கொண்டுவந்தார், தொடவில்லை. சித்தப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது. "நான் உன்னக் கேட்டுத்தாம்மா செஞ்சேன்" என்றார். பொய் சொல்லாதீர்கள், பல்லி விழுந்த சோறு மாதிரி இருக்கிறது உங்கள் உறவு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ராஜன் பஸ் நிறுத்தம்வரை பின்னாலேயே வந்தான். "அக்கா, எனக்குத் தெரியாதுக்கா" என்று சொல்லிக்கொண்டே வந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பதிவு நேற்று வந்தது. மத்தியானம் கிளினிக்கைச் சாத்தியதும் பின்கட்டில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன்.

சதீஷ் நன்றாகச் செய்திருக்கிறார். உன் குரல் அப்படியே உன் குரல்தான், கொஞ்சம் தகரத்தில் பேசுகிற மாதிரி, அவ்வளவுதான். கொள்ளி அக்கா வைக்கட்டும் என்கிறாய். இரண்டாவது முறை சொல்லும்போது அழுகிறாய். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் கேட்டேன்.

அடுத்து எங்கள் பக்கம். மேளம். பிள்ளைகள் சிரிப்பது. அதற்கு மேல் ஒரு பெண் குரல், "சரி தம்பி, சரி, சரி" என்கிறது. அது நான், சுகு. கவுண்டரில் மரப்பு ஊசி போட்ட வாயோடு வருகிறவர்கள் ஏதோ குழறுவார்கள், நானும் புரியாமலே நாள் முழுக்க "சரி அங்கிள், சரி ஆன்டி" என்று அனுப்பிவைப்பேன். அதே சரி, அதே குரல். பாவம் அழுகிறானே, மறுபடி சொல்ல வைக்கக் கூடாதே என்று நினைத்திருப்பேன். நினைத்தேனா என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

பிறகு நீ ஹெட்செட்டைக் கழற்றிவிட்டாய். எங்கள் பக்கத்துப் போனை யாரும் வைக்கவில்லை, அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. சித்தப்பா கேட்கிறார். அவர் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில்தான் கேட்கிறார்.

"லோகா, எனக்கு ஒண்ணும் வெளங்கல. என்னம்மா சொல்றான்? ராஜன் வெக்கட்டும்ங்கிறானா?"

மேளம் இன்னும் ஓங்குகிறது.

"சரி சித்தப்பா" என்கிறேன்.

எனக்கு அது நடந்ததே தெரியாது. நாலைந்து தடவை திருப்பிக் கேட்டேன். உன் குரலுக்குத்தான் பெட்டி வேண்டியிருந்தது. என்னுடையதில் யாரும் எதையும் திருத்தவில்லை, பச்சைத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பந்திங் போகிறேன். சித்தப்பாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீ சனிக்கிழமை வந்துவிட்டால் இரண்டு பேருமாகப் போகலாம். முடியாவிட்டால் நான் மட்டும் போகிறேன்.

உன் அக்கா,
லோகா